ஒரு வரி திருத்தினேன், 214 கோப்புகள் மாறிவிட்டன: வரிமுடிவை யார் தீர்மானிப்பது?

தாமதவண்டி

இன்று மாலை நான் செய்த வேலை இவ்வளவுதான்: வரி விகிதம் இருக்கும் ஒரே ஒரு வரியில் 12 என்பதை 18 ஆக்கினேன். நிரலின் மாற்றங்களை வரலாறாகக் காக்கும் கிட் கருவியில் கமிட் செய்து, அதாவது மாற்றத்தைப் பதிந்து, அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தலைமை நிரலர் அழைத்து, "என்னப்பா, மொத்த நிரலையும் புதிதாக எழுதிவிட்டாயா?" என்று கேட்கிறார். பார்த்தால் 214 கோப்புகள் மாறியிருக்கின்றன. சேர்த்த வரிகள் 31,806. நீக்கிய வரிகளும் 31,806. எந்தக் கோப்பைத் திறந்தாலும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு, பிறகு அதே வரிகள் பச்சையில். பச்சை வரிகளின் கடைசியில் ^எம் என்று ஒரு வால்.

போதாததற்கு, சர்வரில் நிரலை ஏற்றும் ஷெல் ஸ்கிரிப்டும் ஓடவில்லை. "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது.

என் மடிக்கணினி புதிது, விண்டோஸ். கிட் நிறுவும்போது வந்த கேள்விகளுக்கெல்லாம் 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனேன். விண்டோஸ் பக்கத்திலிருந்து களஞ்சியத்தை (கிட் காக்கும் எங்கள் நிரல் தொகுப்பை) எடுத்தேன். பிறகு அதே கோப்புறைக்குள், விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் லினக்ஸிலிருந்து நுழைந்து, மாறிய எல்லாக் கோப்புகளையும் பதியும் 'கமிட் -ஏ' கொடுத்தேன். எங்கே தவறினேன்?

பனைமரம்

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் தவறினீர்கள். சேர்த்ததும் நீக்கியதும் ஒரே எண்ணிக்கை என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், வரிமுடிவுதான்: ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் குறி. லினக்ஸில் அது எல்எஃப் என்ற ஒரே எழுத்து, விண்டோஸில் சிஆர், எல்எஃப் என்று இரண்டு (சிஆர்எல்எஃப்). நீங்கள் பார்த்த ^எம் வால் அந்த சிஆர்தான்.

நீங்கள் 'அடுத்து' என்று தாண்டிய கேள்விகளில் ஒன்று இது. விண்டோஸ் கிட்டின் முன்தேர்வு 'ஆட்டோசிஆர்எல்எஃப் = ட்ரூ'. களஞ்சியத்தில் எல்எஃப் ஆக இருப்பதை உங்கள் வட்டில் எழுதும்போது சிஆர்எல்எஃப் ஆக்கும். கமிட் செய்யும்போது மறுபடி எல்எஃப் ஆக்கிவிடும். அந்தப் பக்கமே இருந்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருப்பது வேறொரு கிட். அதற்கு அந்த அமைப்பு கிடையாது. வட்டில் கிடந்த சிஆர்எல்எஃப் கோப்புகளைப் பார்த்து "எல்லாமே மாறிவிட்டன" என்று நம்பியது. நீங்களும் '-ஏ' கொடுத்து அனைத்தையும் அள்ளி உள்ளே போட்டுவிட்டீர்கள்.

ஸ்கிரிப்ட் ஓடாததற்கும் இதே காரணம்தான். லினக்ஸ் கெர்னல், ஸ்கிரிப்டை எந்த நிரல் ஓட்ட வேண்டும் (இங்கே பேஷ்) என்று சொல்லும் முதல் வரியை எல்எஃப் வரை படிக்கிறது. அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிஆர் எழுத்தையும் 'பேஷ்' என்ற பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. அப்படி வால் முளைத்த பேஷ் எந்தக் கணினியிலும் இல்லை. கிடைக்காதது உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓட்ட வேண்டிய நிரல்.

தீர்வு: களஞ்சியத்தின் வேரில், எந்தக் கோப்பை எப்படி நடத்துவது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு. அதில் '* டெக்ஸ்ட்=ஆட்டோ ஈஓஎல்=எல்எஃப்' (எது எழுத்துக்கோப்பு என்று கிட்டே கண்டுபிடிக்கட்டும், வரிமுடிவு எல்எஃப்). பிறகு 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' கொடுத்து ஒரே கமிட்டில் எல்லாவற்றையும் சீராக்குங்கள்.

கருக்கல்

காரணம் சரி. மருந்து அவசரம். 214 கோப்புகளைத் தெரியாமல் மாற்றியதற்குப் பரிகாரம் தெரிந்தே இன்னொருமுறை மாற்றுவதா?

பதினோரு ஆண்டுகளாக ஒரே மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார், எந்தக் கமிட்டில் என்று காட்டும் கிட் கட்டளை பிளேம். எனக்குப் பிளேம்தான் சோறு. இந்த 'இஃப்' ஏன் இங்கே இருக்கிறது, யார் எழுதினார், அன்றைய கமிட் செய்தி என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் கை வைப்பேன். நீங்கள் சொல்லும் கமிட் வந்துவிட்டால் எந்த வரியைக் கேட்டாலும் 'வரிமுடிவு சீரமைப்பு' என்று ஒரே பதில் வரும். திறந்து கிடக்கும் கிளைகளில் (இன்னும் இணைக்காத தனிவழிகளில்) வேலை செய்கிறவர்கள் கதி அதைவிட மோசம். கோப்பு முழுக்க மோதல்.

தாமதவண்டி, இன்னும் யாரும் அதைத் தங்கள் கணினிக்கு இழுக்கவில்லை என்றால், தலைமை நிரலரிடம் சொல்லிவிட்டு அந்தக் கமிட்டையே அகற்றிவிடுங்கள். உங்கள் டபிள்யூஎஸ்எல்லில் களஞ்சியத்தைத் தனியாக எடுங்கள். ஒரே கோப்புறையை இரண்டு கிட்டுக்கு வாடகைக்கு விடாதீர்கள். வேலை முடிந்தது.

தாமதவண்டி

மூன்று பேர் இழுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் அதன்மேல் கமிட்டும் செய்துவிட்டார்.

மொட்டைமாடி

நான் இரு கட்சியிலும் இல்லை. கிட் எதற்கு என் கோப்பைத் தொட வேண்டும்? கொடுத்த பைட்டைக் கொடுத்தபடி வைத்துக்கொள்வதுதானே அதன் வேலை! எல்லோரும் 'ஆட்டோசிஆர்எல்எஃப் = ஃபால்ஸ்' வையுங்கள். எடிட்டர்கன்ஃபிக் கோப்பில் 'எண்ட்_ஆஃப்_லைன் = எல்எஃப்' என்று எழுதுங்கள். இன்றைக்கு எல்எஃப் தெரியாத எடிட்டர் எது? நோட்பேடே 2018-இல் கற்றுக்கொண்டுவிட்டது.

பனைமரம்

மொட்டைமாடி, 'எல்லோரும் வையுங்கள்' என்ற இடத்திலேயே உங்கள் திட்டம் விழுந்துவிடுகிறது. அந்த அமைப்பு ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது. அடுத்த மாதம் சேரும் பையனும் தாமதவண்டியைப் போல 'அடுத்து, அடுத்து' என்றுதான் அழுத்துவான். அவனிடம் யார் சொல்வது? கிட்ஆட்ரிபியூட்ஸ் நிரலோடு பயணிக்கிறது. களஞ்சியத்தை எடுத்த அந்த நொடியிலேயே விதியும் கூடவே வந்துவிடுகிறது. தனி அமைப்பைவிட அதன் சொல்லே செல்லும்.

எடிட்டர்கன்ஃபிக்கை எடிட்டர் படிக்கும், கிட் படிக்காது. நிரலை உருவாக்கித் தரும் கருவிகள் எழுதும் கோப்பு எந்த எடிட்டர் வழியாகவும் வருவதில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், சண்டையில்லை. ஆனால் காவல் வாசலில் இருக்க வேண்டும்.

கருக்கல், பிளேம் பற்றிய உங்கள் கவலைக்கு 2019-இல் வந்த கிட் 2.23 பதில் வைத்திருக்கிறது. ஒரு கோப்பில் அந்தச் சீரமைப்புக் கமிட்டின் அடையாள எண்ணை எழுதி, 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' அமைப்பில் அந்தக் கோப்பைச் சுட்டினால் பிளேம் அதைத் தாண்டிப் பழைய ஆசிரியரிடமே போய் நிற்கும். அதுவும் வேண்டாமென்றால் வெற்றிட மாற்றங்களைக் கணக்கில் எடுக்காத 'பிளேம் -டபிள்யூ' போதும். வரிக்கடைசியில் நிற்கும் சிஆரும் அதற்கு வெற்றிடம்தான்.

கருக்கல்

அந்த இக்னோர் அமைப்பும் ஒவ்வொருவர் கணினியிலும் செய்ய வேண்டியதுதானே, பனைமரம்? மொட்டைமாடியை எந்தக் கோலால் அடித்தீர்களோ அது உங்கள் முதுகிலும் விழுகிறது.

இருக்கட்டும், என் உண்மையான பயம் பிளேம் இல்லை. சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலையில், பணப்பட்டுவாடாக் கோப்புகளைப் படிக்கும் நிரல் எழுதினோம். கோப்பின் ஒவ்வொரு பதிவும் சிஆர்எல்எஃப்பில்தான் முடியும். கடைசிப் பதிவில் கோப்பின் மொத்த பைட் எண்ணிக்கை இருக்கும். சோதனைக்காக 1,200 பதிவுகள் கொண்ட மாதிரிக் கோப்பு ஒன்றைக் களஞ்சியத்தில் வைத்திருந்தோம். ஒரு நல்லவர் வந்து '* டெக்ஸ்ட்=ஆட்டோ' போட்டு ரீநார்மலைஸ் செய்தார். மாதிரிக் கோப்பும் வெறும் எழுத்துதானே, கிட் அதையும் எல்எஃப் ஆக்கி உள்ளே வைத்துக்கொண்டது. அவருடைய விண்டோஸில் வெளியே எடுக்கும்போது சிஆர்எல்எஃப் திரும்ப வந்துவிடும், சோதனை தேறிவிடும். லினக்ஸ் பில்ட் சர்வரில் 1,200 பைட் குறைந்தது. "என் கணினியில் ஓடுகிறது" என்று அவர் சத்தியம் செய்கிறார். உண்மைதான், ஓடியது. இரண்டு நாள் நாங்கள் கூட்டல் நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தோம்.

இப்போது சொல்லுங்கள், 214 கோப்புகளில் எது வெறும் எழுத்து, எது பைட் பிசகாமல் இருக்க வேண்டியது என்று தாமதவண்டிக்குத் தெரியுமா?

பனைமரம்

இது நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கோப்புக்கு '-டெக்ஸ்ட்' என்று ஒரு வரி முதலிலேயே இருந்திருக்க வேண்டும். அது இருந்தால் கிட் எந்தப் பக்கமும் தொடாது. அதனால் நான் சொன்ன வரிசையை மாற்றிக்கொள்கிறேன்: ரீநார்மலைஸுக்கு முன்பு 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஈஓஎல்'. ஒவ்வொரு கோப்புக்கும் களஞ்சியத்தில் என்ன, வட்டில் என்ன, எந்த விதி பொருந்துகிறது என்று மூன்றையும் ஒரே வரியில் காட்டும். மோசமான கமிட்டுக்கு முந்தைய நிலையை எடுத்து அதில் ஓட்டுங்கள். அப்போதே 'ஐ/சிஆர்எல்எஃப்' (களஞ்சியத்தில் சிஆர்எல்எஃப்) என்று இருந்தவை எவையோ, அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆனாலும் கருக்கல், உங்கள் கதை எனக்கே சாட்சி. "இந்தக் கோப்பைத் தொடாதே" என்ற செய்தியை நீங்கள் எங்கே எழுதி வைத்திருந்தீர்கள்? யாருடைய தலைக்குள்ளோ. அந்த நல்லவருக்கு அது எப்படித் தெரியும்?

எழுத்தாணி

ஆட்டோ என்று விட்டால் இவ்வளவுதான் ஆபத்து. 'ஆட்டோ' இல்லாமல் அடித்துச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு செயலியின் தமிழ்ச் சொற்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மொழிபெயர்ப்பாளர் பழைய நோட்பேடில் 'யூனிகோட்' என்று தேர்ந்து சேமித்துத் தருவார். அந்தத் தேர்வு யுடிஎஃப்-16, எழுத்துகளைப் பைட்டாக்கும் ஒரு முறை. களஞ்சியத்திலோ '*.டிஎக்ஸ்டி டெக்ஸ்ட்' என்று விதி. ஆட்டோவாக இருந்திருந்தால் கிட் சுழிய பைட்டைக் கண்டு "இது பைனரி" என்று ஒதுங்கியிருக்கும். நாங்கள்தான் எழுத்து என்று அறுதியிட்டுவிட்டோமே. விண்டோஸில் எடுக்கும்போது ஒவ்வொரு 0ஏ (எல்எஃப்) பைட்டுக்கும் முன்னால் ஒரு 0டி (சிஆர்) பைட்டைச் செருகிவிட்டது. யுடிஎஃப்-16-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். நடுவில் ஒற்றை பைட் நுழைந்தால் அதன் பிறகு எல்லாம் ஒன்று தள்ளிவிடும்.

முதல் வரி தமிழ். இரண்டாம் வரி சீனமும் கொரியனும். மூன்றாம் வரி மறுபடி தமிழ், ஏனென்றால் அடுத்த வரிமுடிவில் இன்னொரு பைட் நுழைந்து ஜோடி சேர்ந்துவிடுகிறது. நான்காம் வரி சீனம். கோலம் போட்டதுபோல ஒன்றுவிட்டு ஒன்று. மொழிபெயர்ப்பாளர் மீது கோபப்பட்டு மின்னஞ்சல் எழுதிய பிறகுதான் காரணம் தெரிந்தது.

இதில் நமக்கு ஒரு சிறு அதிர்ஷ்டம் உண்டு. தமிழ் எழுத்துகளின் மேல் பைட் 0பி. குஜராத்திக்கு 0ஏ. அவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் வரிமுடிவாகத் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் யுடிஎஃப்-8 ஆக்கிய பிறகு நிம்மதி. அது முடியாத இடத்தில் கிட் 2.18 முதல் 'வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங்' என்று ஒரு விதி இருக்கிறது.

மொட்டைமாடி

பார்த்தீர்களா! கிட் தொட்டதால்தானே இவ்வளவும்? நான் முதலிலேயே சொன்னேன்.

கருக்கல்

உங்களோடு சேர எனக்கு விருப்பமில்லை, மொட்டைமாடி. ஃபால்ஸ் வைத்த குழுவில் பாதி வரி சிஆர்எல்எஃப், பாதி வரி எல்எஃப் என்று ஒரே கோப்புக்குள் கலந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். '--ஈஓஎல்' அதற்கு 'மிக்ஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறது. கலப்படத்துக்கு நல்ல பெயர்.

இன்னொன்று, எல்எஃப்தான் உயர்ந்தது என்ற பேச்சும் எனக்குப் பிடிக்காது. தட்டச்சு நிலையத்தில் லோயர் எழுதினவன் நான். இடப்பக்கப் பிடியைத் தள்ளினால் உருளை தொடக்கத்துக்கும் போகும், தாளும் ஒரு வரி ஏறும். இரண்டு அசைவு. டெலிடைப் 33 என்ற தொலைத்தட்டச்சு இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து திரும்ப ஓர் எழுத்தின் நேரம் போதாது, அதனால் சிஆர் (தலையைத் திருப்பு) முன்னால் போய் எல்எஃப் (தாளை ஏற்று) பின்னால் வரும். சிஆர்எல்எஃப் முட்டாள்தனம் இல்லை. மல்டிக்ஸ் இயங்குதளமும் அதன் வழியே யூனிக்ஸும் அந்த வேலையைக் கருவி இயக்கியிடம் விட்டுவிட்டு ஒரே எழுத்தோடு நின்றன. எச்டிடிபி 1.1 தலைப்புகள் இன்றும் சிஆர்எல்எஃப்தான்.

பனைமரம்

ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் '*.பேட் டெக்ஸ்ட் ஈஓஎல்=சிஆர்எல்எஃப்' என்ற வரியையும் சேர்க்கச் சொல்வேன். வெறும் எல்எஃப் இருந்தால் விண்டோஸ் பேட்ச் கோப்பு சில நேரம் 'கோ-டூ' கட்டளை போக வேண்டிய லேபிளைக் கண்டுபிடிக்காமல் விழிக்கும்.

தாமதவண்டி, என்ன முடிவு?

தாமதவண்டி

நேற்று தலைமை நிரலரிடம் இந்த விவாதத்தைக் காட்டினேன். கருக்கல் சொன்ன பயத்தையும் பனைமரம் சொன்ன வழியையும் சேர்த்துச் செய்தோம். பழைய நிலையில் '--ஈஓஎல்' ஓட்டினோம். மாறிய 214-உம் எல்எஃப். மாறாமல் இருந்தவற்றில் நான்கு சிஆர்எல்எஃப், ஒன்று மிக்ஸ்ட். நான்கில் மூன்று பேட்ச் கோப்புகள். நான்காவது ஒரு சோதனை மாதிரி, சிஎஸ்வி. அதற்குச் சீரமைப்புக்கு முன்பே '-டெக்ஸ்ட்' கொடுத்து, பைட்டுகளை அப்படியே விட்டுவைத்தோம். சனிக்கிழமை காலை, யாரும் வேலை செய்யாத நேரத்தில், விதிக்கு ஒரு கமிட், சீரமைப்புக்கு ஒரு கமிட். இரண்டையும் பிரித்ததால் பிளேம் தாண்ட வேண்டிய கமிட்டில் கையால் செய்த மாற்றம் எதுவும் கலக்கவில்லை. எல்லோரையும் களஞ்சியத்தைப் புதிதாக எடுக்கச் சொல்லிவிட்டோம், வட்டில் பழைய சிஆர்எல்எஃப் ஸ்கிரிப்டுகள் தங்கிவிடக் கூடாது என்று.

கருக்கல்

திறந்திருந்த கிளைகள்?

தாமதவண்டி

இரண்டு. ஒருவர் 'மெர்ஜ் -எக்ஸ் ரீநார்மலைஸ்' கொடுத்தார், மோதல் இல்லாமல் இணைந்தது. இன்னொருவர் விடுப்பில் இருக்கிறார். திங்கட்கிழமை வருகிறார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.