ஹோர்மெசிஸ்: ‘நற்கதிர் விளைவு’ வேண்டாம், ‘சிற்றளவுத் தூண்டல்’ பொருந்தும்

அன்பு நண்பர்களுக்கு,

அதிகமானால் கெடுதி செய்யும் ஒன்று மிகச் சிறிய அளவில் தூண்டுதலாக அமைவதை ஆங்கிலத்தில் ‘ஹோர்மெசிஸ்’ (hormesis) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக எங்கள் அண்ணை முன்வைத்த ‘நற்கதிர் விளைவு’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மிகச் சிறிய அளவு கதிர்வீச்சு உடம்பின் பழுது திருத்தும் வழிகளைத் தூண்டி நன்மை செய்யும் என்பது இன்னும் நிறுவப்படாத கருதுகோள். ‘நல்’ என்று அடைமொழி போட்டால் முடியாத வழக்குக்கு நாங்களே தீர்ப்பு எழுதியதாகிவிடும். தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வரும் ஒருவரின் பிள்ளை தமிழில் தேடிப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது இந்தச் சொல்தான். கதிர் வீசும் பதக்கங்களைச் ‘சக்தி தரும்’ என்று விற்கிறவர்களுக்கும் அது வசதியாகப் போய்விடும்.

பெயரை நம்பிக் கெட்ட கதை பழையது. 1920களில் அமெரிக்காவில் ரேடிதோர் என்ற றேடியம் தண்ணீரைச் சத்து மருந்தாக விற்றார்கள். எபன் பையர்ஸ் என்ற செல்வந்தர் அதைப் போத்தல் போத்தலாகக் குடித்துத் தாடை எலும்பு சிதைந்து 1932இல் இறந்தார்.

மூலச்சொல் பிறந்த இடத்தையும் பாருங்கள். 1943இல் சௌதாம், எர்லிக் என்ற ஆய்வாளர்கள் ‘ஹோர்மெசிஸ்’ என்பதைப் பயன்படுத்தியபோது கதிர்வீச்சைப் பற்றிப் பேசவே இல்லை. செஞ்சீடர் (red cedar) மரச்சாறு அதிகமானால் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்தது, கொஞ்சமாக இருந்தால் தூண்டியது. அவ்வளவுதான். ஆகவே பொதுவான விளைவுக்குச் ‘சிற்றளவுத் தூண்டல்’, கதிர்வீச்சுக்கென்று சொல்லும்போது ‘சிற்றளவுக் கதிர்த்தூண்டல் கருதுகோள்’. ‘கருதுகோள்’ என்ற பின்னொட்டு நீளம்தான், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள்.

‘ஓமெசிசு’ என்று ஒலிபெயர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஹோர்மெசிஸுக்கும் ஓமோனுக்கும் (hormone) கிரேக்க வேர் ஒன்றுதான் என்றாலும், எங்கள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துக் குழம்புவார்கள்.

அப்புறம், ஜேர்மனியில் மூட்டுவலிக்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையை இதோடு சேர்க்கக்கூடாது. அங்கே வலிக்கும் மூட்டுக்கு மட்டும் ஒரு தடவைக்கு 0.5 முதல் 1 கிறே (உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு; இந்தச் சிகிச்சைக் கதிருக்கு ஒரு கிறே என்பது ஏறத்தாழ ஆயிரம் மில்லிசீவேட்டு) வரை மருத்துவர் கணக்கிட்டுக் கொடுக்கிறார். இயற்கையில் எல்லோருக்கும் கிடைப்பதோ உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட்டு மட்டுமே. அந்தச் சிகிச்சையை ‘அழற்சி தணிக்கும் கதிர்ச் சிகிச்சை’ என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு தடை இருக்கிறது. பௌதிகத்தில் ‘மின்காந்தத் தூண்டல்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘சிற்றளவு’ முன்னால் நிற்பதால் மயக்கம் வராது என்பது என் எண்ணம். ‘ஊக்கம்’ என்று மாற்றினால் மறுபடியும் நன்மை வாடை அடிக்கிறது. உயிரியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.