ரேஸ் கண்டிஷனை மாணவர்களே ஓட்டிப் பார்க்கும் லேப் மென்பொருள்: எப்படி எழுதலாம்?

தருமபுரி_லேப்:
தருமபுரி பக்கம் ஒரு கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் எடுக்கிறேன். ஒகேனக்கல் பரிசல் டிக்கெட்டை இரண்டு கவுண்டரில் விற்பது போல ஜாவாவில் இரண்டு திரெட் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) கொடுத்தால், பெரும்பாலும் விடை சரியாகவே வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே மதிப்பை மாற்றும்போது, ஓடும் வரிசையைப் பொறுத்து கணக்கு தவறுவதுதான் ரேஸ் கண்டிஷன். அந்தத் தப்பே கண்ணில் படாதபோது, ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக் எதற்கு என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? திரெட்டை அவர்களே அடி அடியாக நகர்த்துகிற மாதிரி ஒன்று எழுத வேண்டும். லேபில் 4 ஜிபி ரேம்தான், நெட் கிடையாது.

பர்கூர்_டெவ்:
சார், விடை சரியாக வரக் காரணம், 50 டிக்கெட் விற்கும் வேலை மிகச் சின்னது. இரண்டாவது திரெட் கிளம்புவதற்குள் முதலாவது முடிந்துவிடும். லூப்பை லட்சமாக்கினால் தப்பு வரும். ஆனால் எந்த இடத்தில் வந்தது என்று காட்ட முடியாது. அதனால் நிஜ திரெட்டே வேண்டாம். அடுத்து எந்தத் திரெட் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் மாணவர் கையில் இருக்கட்டும்.

ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைல், சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் போதும். ஸ்கிரிப்டை மாட்யூலாகப் பிரித்தால் ஃபைலை நேரடியாகத் திறக்கும்போது குரோம் தடுத்துவிடும். எல்லாவற்றையும் உள்ளேயே எழுதுங்கள்.

‘மிச்சத்தில் ஒன்றைக் கழி’ என்பதை மூன்றாக உடையுங்கள்: படி, கழி, எழுது. இரண்டு திரெட்டின் அடிகளை மாற்றி மாற்றி ஓட்ட 20 வரிசை வரும். ஒன்று முழுக்க முடிந்தபின் மற்றது ஓடுகிற 2 வரிசையில் மட்டும் கணக்கு சரி. மீதி 18-லும் ஒரு டிக்கெட் கழிபடாமல் போகும். ஒவ்வொரு திரெட்டின் ரெஜிஸ்டரையும் (படித்த மதிப்பை வைத்துக் கணக்கிடும் இடம்) பொது மெமரிக்குப் பக்கத்தில் தனிப் பெட்டியாகக் காட்டியே ஆக வேண்டும். பழைய மதிப்பு அங்கேதான் தங்குகிறது. அது தெரியாவிட்டால் பாடமே இல்லை.

ஒவ்வொரு அடியிலும் எந்தத் திரெட் நகர்ந்தது என்பதை 112212 என்று சேமியுங்கள். அந்த எண்ணைக் கொடுத்தால் அதே தப்பு திரும்பவும் வரும். மதிப்பெண் போடவும் வசதி.

தருமபுரி_லேப்:
நன்றி. ஜெனரேட்டரில் (நடுவில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்) ஒவ்வொரு அடிக்கும் யீல்டு என்ற நிறுத்தும் கட்டளை வைத்தால் போதுமா? ஒரு அடி பின்னால் போகவும் பட்டன் வேண்டும்.

ஓசூர்_எம்பெடட்:
ஜெனரேட்டரை நகல் எடுக்க முடியாது. பின்னால் போக ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதற்குப் பதில் திரெட்டை ஒரு கட்டளைப் பட்டியலாகவும், ‘இப்போது எத்தனையாவது வரி’ என்ற எண்ணாகவும் வையுங்கள். நிலை முழுவதும் ஒரு சின்ன ஆப்ஜெக்ட். ஒவ்வொரு அடியிலும் நகலெடுத்து அடுக்கினால் பின்னால் போவது சுலபம். எல்லா வரிசையையும் தானாகத் தேடவும் இதுவே உதவும். மூன்று திரெட் என்றால் 1680 வரிசை. ஏற்கெனவே பார்த்த நிலைகளைக் குறித்துவைத்துத் தவிர்த்துவிடுங்கள்.

லாக்குக்குக் காத்திருக்கும் திரெட்டின் பட்டனை மங்கலாக்கி, லாக் வைத்திருப்பவரை நோக்கி ஒரு அம்பு வரையுங்கள். அம்புகள் வட்டமானால் டெட்லாக், அதாவது ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து யாருமே நகர முடியாத நிலை. ‘எல்லா திரெட்டும் நின்றுவிட்டதா’ என்று மட்டும் பார்க்காதீர்கள்: இரண்டு சிக்கி மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தால் அது தப்பிவிடும்.

பர்கூர்_டெவ்:
ஒன்றைச் சேர்க்கிறேன். தனி லாக் கட்டளை இல்லாமல், சாதாரணமாகப் படித்து எழுதியே இரண்டு திரெட்டில் ஒன்றை மட்டும் உள்ளே விடுகிற, 1981-இல் வந்த பீட்டர்சன் அல்காரிதம் இந்த மாடலில் எப்போதும் சரியாக ஓடும். நிஜ இன்டெல் பிராசஸரில் ஃபென்ஸ் (முன்னால் எழுதியது மெமரிக்குப் போன பிறகே அடுத்ததைப் படிக்க விடும் கட்டளை) இல்லாமல் எழுதினால் உடையும். எழுதிய மதிப்பு, மெமரிக்குப் போகும் முன் தங்கும் ஸ்டோர் பஃபரில் காத்திருக்கும்போதே, அதே திரெட் அடுத்த மதிப்பைப் படித்துவிடும். இதைக் காட்ட ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒரு சின்ன வரிசைப் பெட்டி வைத்து, ‘மெமரிக்கு அனுப்பு’ என்பதையும் மாணவர் அழுத்தும் தனி அடியாக்குங்கள். இதை முதல் வாரத்தில் காட்ட வேண்டாம்; லாக், செமாஃபோர் (ஒரே நேரத்தில் எத்தனை திரெட் உள்ளே போகலாம் என்று எண்ணும் கருவி) பாடங்கள் முடிந்தபின் திறக்கிற மாதிரி ஒரு டிக் பாக்ஸ் போதும்.