பொருள்: 'ஹுக்லெஸ்' ரிம்முக்குத் தமிழ் (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

ம.செ. எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். ரோடு பைக்கில் (சாலைச் சைக்கிளில்) கார்பன் சக்கரம் மாட்டுவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்குபவரும் படிப்பார், மாட்டிக்கொடுக்கும் மெக்கானிக்கும் படிப்பார். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தது. 'ஹுக்லெஸ்' மட்டும் நிற்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்காக: பழைய ரிம்மில் பக்கச்சுவரின் மேல்முனை உள்பக்கமாகச் சின்ன உதடு போல மடிந்திருக்கும், அதுதான் ஹுக், கொக்கி. டயரின் ஓரம் அதற்கடியில் மாட்டிக்கொள்ளும். புதிய கார்பன் ரிம்கள் பலவற்றில் அந்த உதடு கிடையாது, சுவர் நேராக நிற்கும். அச்சில் வார்ப்பது சுலபம். ஓரம் தடிமனாக இருப்பதால் பள்ளத்தில் இடித்தாலும் எளிதில் விரிசல் விடாது. ஆனால் டயரை நிறுத்துவது அளவின் இறுக்கம் ஒன்றுதான். அதனால் 5 பார் அழுத்தத்துக்கு மேல் காற்று கூடாது. ஹுக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று குறித்திருக்கும் ட்யூப்லெஸ் டயர் தவிர வேறெதுவும் கூடாது. இந்த எச்சரிக்கை கையேட்டில் ஏழு இடத்தில் வருகிறது. 'கொக்கியற்ற விளிம்பு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

இரா.ந. எழுதியது:

அன்புள்ள ம.செ., 'அற்ற' வேண்டாம். அறு என்றாலே முன்பு இருந்தது பின்பு அறுந்தது என்றாகும். இந்த ரிம்மில் கொக்கி எப்போதுமே இருந்ததில்லை. உருவிலி, எண்ணிலி போலக் 'கொக்கியிலி' எனலாம். விளிம்பும் வேண்டாம். 'நோன்குறட்டு ஆரஞ் சூழ்ந்த அயில்வாய் நேமி' என்று சிறுபாணாற்றுப்படை குறடு, ஆர், நேமி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. ஹப், ஸ்போக், ரிம். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையிலிருக்க ரிம்முக்கு ஏன் கடன் வாங்க வேண்டும்? என் பரிந்துரை: கொக்கியிலி நேமி.

த.வே. எழுதியது:

ஐயா, 'கொக்கியிலி நேமி' என்று கடையில் கேட்டால் நேமிநாதருக்குத் தம்பி என்று நினைப்பார்கள். கடையில் அது ரிம். ஐம்பது வருடமாக ரிம். கோட்டம் எடுப்பது என்று அழகாகத் தமிழில் சொல்கிறவர்கூட 'ரிம்முல கோட்டம்' என்றுதான் சொல்கிறார்.

விளிம்பு வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன், காரணம் வேறு. ரிம்மே விளிம்பு என்றால் ரிம்மின் விளிம்பை என்னவென்பது? டயரின் விளிம்பை? 'டயரின் விளிம்பை விளிம்பின் விளிம்புக்குள் தள்ளவும்' என்று முடியும்.

இன்னொன்று. ரோடு டயர் என்றாலே 100, 110 பிஎஸ்ஐ ஏற்றிக் கை பழகிய கடைகள் உண்டு. 23 மி.மீ. டயர் காலத்துப் பழக்கம். 5 பார் என்பது 72.5 பிஎஸ்ஐதான். கடைப் பம்பில் பார் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. 72 பிஎஸ்ஐ என்றும் சேர்த்து அச்சிடுங்கள். சொல் எதுவானாலும், அதைப் படித்ததும் அந்தக் கை நிற்க வேண்டும்.

சி.கு. (யாழ்ப்பாணம்) எழுதியது:

ரயரைப் பற்றிக் கதைக்கிறோம், நானும் சொல்கிறேன். இல்லாததை வைத்து ஏன் பெயரிட வேண்டும்? அளவுக் குறியீட்டில் 622x23 (விட்டமும் உள்ளகலமும், மி.மீ.) டி.எஸ்.எஸ். என்று இருந்தால் நேர்ச்சுவர், டி.சி. என்று இருந்தால் கொக்கி. அந்த 'சி' குரோஷே, பிரெஞ்சில் கொக்கி. பின்னல் ஊசிக்குச் சொல்கிற அதே குரோஷே. ஆக, தரநிலையை எழுதினவர்களே ஒன்றைக் கொக்கி என்றும் மற்றதை நேர்ச்சுவர் என்றும்தான் குறித்திருக்கிறார்கள். 'இல்லாதது' என்று விளம்பரம் எழுதினவர்கள்தான் சொன்னார்கள். ரிம்மைத் தொட்டுப் பார்த்தாலும் தெரிவது நேர்ச்சுவர்தான். 'நேர்ச்சுவர் ரிம்' என்று போடுங்கள்.

இரா.ந. எழுதியது:

நேர்ச்சுவர் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் ரிம் உறுத்துகிறது. நேமி புலவர் சொல் என்றால் 'வட்டை' இருக்கிறதே. மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. வள் > வட்டு > வட்டம், வட்டில், வட்டை. சுற்றிச் சுற்றி வருவதால் வட்டியும் இதே குடும்பமோ என்று எனக்கொரு ஐயம். இன்னும் பாருங்கள், பட்டாவைக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே வட்டையில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறிச் சுருங்கி இறுகிக்கொள்ளும். கொக்கி உண்டா? கிடையாது. நம் ஊர்த் தச்சனும் கொல்லனும் செய்தது முழுக்க ஹுக்லெஸ்தான்!

த.வே. எழுதியது:

வட்டியை அடுத்த இழையில் வைத்துக்கொள்ளலாம் ஐயா.

பட்டா உவமை பாதிதான் பொருந்தும். இரும்புப் பட்டாவை உள்ளிருந்து தள்ளுவதற்கு எதுவுமில்லை. இங்கே காற்று தள்ளுகிறது. அழுத்தம் கூடக் கூட டயரின் ஓரம் இம்மியளவு நீளும், கொக்கி இருந்தால் அது தடுக்கும். இல்லாத இடத்தில் ஓரம் சுவர்மேல் ஏறிப் பட்டென்று கழன்றுவிடும். 5 பார் வரம்பு அதற்காகத்தான். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்பது மயிலிறகுக்குச் சொன்னது. காற்று அதைவிட லேசு.

ம.செ., வரைவின் 6ஆம் பக்கத்தைப் பார்த்தேன். 'மணியை இருக்கையில் அமர்த்தவும்' என்றிருக்கிறது. யார் இந்த மணி? 'பீட்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே மொழிபெயர்த்து டயர் ஓரத்தைச் சொல்கிறீர்கள் என்று புரிய எனக்கே ஒரு நிமிடம் ஆனது. கடையில் 'டயர் கம்பி' என்பார்கள். ஆனால் மடக்கு டயரில் கம்பி கிடையாது, நார்தான். 'டயர் ஓரம்' போதும்.

அதே பக்கத்தில் இருக்கும் பிழைதான் பெரிது. 'டப் என்ற சத்தம் வரும்வரை காற்றடிக்கவும்' என்று மொட்டையாக நிற்கிறது. சத்தம் வரவில்லையென்றால் 90க்குக் கொண்டுபோவார்கள். வரம்பு ஓட்டும்போது மட்டுமல்ல, உட்கார வைக்கும்போதும் 5 பார்தான். அதற்குள் உட்காராவிட்டால் காற்றை இறக்கிவிட்டு, ஓரத்தில் சோப்புத்தண்ணீர் தடவி, வால்வின் உள்ளூசியைக் கழற்றி கம்ப்ரஸரில் அடிக்க வேண்டும். ஊசி இல்லாவிட்டால் காற்று மொத்தமாகப் பாயும், குறைந்த அழுத்தத்திலேயே ஓரம் ஏறிவிடும். அப்படியும் வரவில்லையென்றால் உள்பட்டையை (ரிம் டேப்) சந்தேகிக்க வேண்டும். ரிம்மின் உள்ளகலத்தைவிட 2, 3 மி.மீ. அகலமான பட்டையை இழுத்து ஒட்டி, வால்வுத் துளையைத் தாண்டி ஒரு சாண் மேற்படிய விட வேண்டும். மடிப்பு விழுந்தால் ஸ்போக் துளை வழியே காற்று போய்விடும், அடைப்புப் பால் (சீலன்ட்) எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. 28 மி.மீ. டயருக்கு 30, 40 மி.லி. பால் தாராளம். வால்வு நட்டைக் கையால் மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். குறடு போட்டால் ரப்பர் பிதுங்கி அங்கேயே கசியும்.

(இது கையில் பிடிக்கிற குறடு, சிறுபாணாற்றுப்படைக் குறடு அல்ல.)

பா.ல. எழுதியது:

இவ்வளவு எதற்கு? 'ஹுக்லெஸ்' என்றே போடுங்கள். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தோமஸ் டி ஹென்ட் விழுந்து டயர் ரிம்மை விட்டுக் கழன்ற பிறகு சைக்கிள் உலகம் முழுக்க இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் சண்டை. தேடுகிறவர் அப்படித்தான் தேடுவார். டயரின் மேலும் அதுதான் அச்சாகியிருக்கும்.

சி.கு. எழுதியது:

டயரில் ஆங்கிலத்தில் இருக்கும். கையேடு தமிழில் எதற்கு என்று பிறகு கேட்பீர்கள்.

ம.செ. எழுதியது:

நாளை வெள்ளி. தனிமடலில் சொன்னவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்: 'கொக்கியில்லா ரிம்' நான்கு பேர் (இருவர் 'பரவாயில்லை' என்றவர்கள்), 'நேர்ச்சுவர் ரிம்' இரண்டு, ஹுக்லெஸ் ஒன்று, கொக்கியிலி நேமி ஒன்று. 'கொக்கியில்லா ரிம்' என்றே போகிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்துக்கும் பழுதில்லை. முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஹுக்லெஸ் என்று சேர்க்கிறேன். ரிம் படத்தின் கீழே 'நேர்ச்சுவர்' என்று அம்புக்குறி உண்டு. மணி டயர் ஓரமாகிவிட்டது. 72 பிஎஸ்ஐ ஏழு இடத்திலும் தடித்த எழுத்தில். உள்ளகலம் 23 மி.மீ. என்றால் டயர் 28க்குக் குறையக் கூடாது என்ற வரியும் அதன் கீழேயே வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

சி.கு. எழுதியது:

அம்புக்குறி அளவுக்காவது இடம் கிடைத்தது. ஆனால் அடுத்த பதிப்பில் திரும்பக் கேட்பேன். கொக்கி என்றால் என்னவென்று அறியாமல் கார்பன் ரிம்மிலேயே சைக்கிள் பழகப்போகிற பிள்ளைக்கு 'கொக்கியில்லா' எதைச் சொல்லும்?

இரா.ந. எழுதியது:

அச்சுக்குப் போகும் முன் ஒன்று. 9ஆம் பக்கத்தில் த்ரூ ஆக்ஸிலை 'அச்சாணி' என்று போட்டிருக்கிறீர்கள். அச்சாணி அச்சின் முனையில் சக்கரம் கழலாமல் செருகும் ஆணி. 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி' என்று வள்ளுவர் சொன்னது அந்தச் சின்ன ஆணியை. உங்களுடையது 12 மி.மீ. தடிமனில் குடத்தை ஊடுருவிப் போய்ச் சட்டத்தில் திருகும் அச்சு. ஊடச்சு என்றால் என்ன?

த.வே. எழுதியது:

கடையில் அது 'ஆக்சில்', ஐயா.