புதுசா விடுதலை ஆன தீவு நாட்டுக்கு அரசாங்கமும் பொருளாதாரமும்: என் ப்ளான் எங்க உடையும்?

கற்பனைக்கோட்டை:
ஒரு நாவலுக்காக தீவு நாடு ஒண்ணு உருவாக்கிட்டு இருக்கேன். மக்கள்தொகை 3 லட்சம். காலனி ஆட்சி முடிஞ்சு இப்பதான் கொடி ஏத்தியிருக்காங்க. 70% பேர் ஒரு மொழி, 30% பேர் வேற மொழி. ஒரு பாஸ்பேட் சுரங்கம் இருக்கு, இன்னும் 25 வருஷம் ஓடும். சுத்தி ஏகப்பட்ட கடல், நல்ல மீன்வளம். என் ப்ளான் என்னன்னா பலமான ஜனாதிபதி, சொந்த கரன்சி, சொந்த மத்திய வங்கி, சின்னதா ஒரு ராணுவம், சுரங்கக் காசு வர்றதால வரியே கிடையாது, படிப்பு வைத்தியம் எல்லாம் ஃப்ரீ. முப்பது வருஷத்துல சிங்கப்பூர் மாதிரி ஆகிடணும், அதான் கதை. படிக்கிறவங்க நடுவுலயே இதெல்லாம் நடக்குற காரியமான்னு மூடி வெச்சிடக் கூடாது. தயவு பாக்காம கிழிங்க.

பழையகணக்கு:
வரி இல்லாத பாஸ்பேட் தீவு ஏற்கனவே நடந்து முடிஞ்ச கதைங்க, பேரு நவுரு. 21 சதுர கிலோமீட்டர், 1968ல சுதந்திரம், 1970ல சுரங்கத்தையும் கையில வாங்கிட்டாங்க. கொஞ்ச வருஷம் தலைக்கு வருமானம் உலகத்துலயே டாப் லிஸ்ட்ல. எதிர்காலத்துக்குன்னு ஒரு டிரஸ்ட் ஃபண்டும் வெச்சாங்க, அதனால சேத்து வைக்கணும்னு தோணாம போயிடுச்சுன்னு சொல்ல முடியாது. மெல்போர்ன்ல 52 மாடி கட்டிடம், சொந்த ஏர்லைன்ஸ், லண்டன்ல ஒரு மியூசிக்கல் நாடகத்துக்குக் கூட பணம் போட்டு அது ஊத்திக்கிச்சு. பாஸ்பேட் வத்துனதும் கடன் வாங்கி ஓட்டினாங்க, 2004ல கட்டிடம் போச்சு, 2005ல கடைசி விமானத்தையும் கடன் குடுத்தவன் புடிச்சிட்டுப் போயிட்டான். வருமான வரின்னு ஒண்ணு அங்க வந்ததே 2014லதான்.

இப்ப கிரிபாட்டியைப் பாருங்க. அதுவும் பாஸ்பேட், பனாபா தீவுல. 1979ல சுதந்திரம், அதே வருஷம் பாஸ்பேட்டும் தீந்து போச்சு, கதைக்கே எழுதினா நம்ப மாட்டாங்க. ஆனா 1956லயே காலனி ஆட்சி நடந்தப்பவே ஒரு ரிசர்வ் ஃபண்ட் ஆரம்பிச்சு வெச்சிருந்தாங்க, அது இன்னிக்கும் உயிரோட இருக்கு. துவாலு 1987ல ஆரம்பிச்ச டிரஸ்ட் ஃபண்டுல இன்னும் ஒரு படி மேல, அசலோட மதிப்பு விலைவாசிக்கு ஏத்த மாதிரி குறையாம இருந்தாத்தான் மேல இருக்குறதை எடுக்க முடியும், போர்டுல வெளிநாட்டு ஆளுங்களும் உக்காந்திருக்காங்க. அது மானக்கேடுன்னு உங்க ஹீரோ பேசுவார், நல்ல சீன், எழுதுங்க.

ஃபண்ட் வைக்கிறது பெரிய விஷயமே இல்ல, பூட்டைத் திறக்குறது யாருங்குறதுதான். கிழக்கு திமோர் 2005ல நார்வேயைப் பாத்து பெட்ரோலியம் ஃபண்ட் வெச்சாங்க, மொத்த பெட்ரோலிய சொத்து மதிப்புல வருஷத்துக்கு 3% எடுத்தா தாங்கும்னு கணக்கு. ஆனா அதுக்கு மேல எடுக்கணும்னா அரசாங்கம் நாடாளுமன்றத்துல காரணம் சொல்லி ஒப்புதல் வாங்கினா போதும், அப்புறம் என்ன, பல வருஷமா அதுக்கு மேலதான் எடுக்குறாங்க.

வரியே வேணாம்னு சொல்றதை மட்டும் மறுபடி யோசிங்க. வரி கட்டாதவன் என் காசு எங்கடான்னு கேக்க மாட்டான், அதுவும் இல்லாம சுரங்கம் மூடின அன்னிக்கு ஒரு வரி ஆபீஸை புதுசா உருவாக்கவே பல வருஷம் ஆகும். சின்னதாவாவது ஒரு வரியை முதல் நாள்லேர்ந்தே வசூல் பண்ணச் சொல்லுங்க.

வடலி:
காசுக் கதையை மேல சொல்லிப்போட்டார், நான் மற்றப் பக்கத்துக்கு வாறன். 70, 30 எண்டு ஒரு வரியில சொல்லிப்போட்டு உடன கரன்சிக்குப் போயிட்டியள். சுதந்திரம் கிடைச்ச தீவில பெரும்பான்மை என்ன செய்யும் எண்டு அறிய தூரத்துக்குப் போகத் தேவையில்லை, இலங்கை இருக்கு. சுதந்திரத்தோட வந்த சோல்பரி யாப்பில (அரசியலமைப்பில) 29ஆம் பிரிவு எண்டு ஒண்டு, ஒரு இனத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் பாதகமாச் சட்டம் போட ஏலாது எண்டு. கடதாசியில நல்ல வடிவாத்தான் இருந்தது. 1948 பெப்ரவரியில சுதந்திரம், அந்த வருசமே குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர் லட்சக்கணக்கில நாடற்ற ஆக்களாப் போச்சினம், அடுத்த வருசம் வாக்கும் இல்லை. வழக்கு அப்ப கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1953இல வந்த தீர்ப்பு, ஆர் குடிமகன் எண்டு முடிவெடுக்கிறது பாராளுமன்றத்தின்ர உரிமை, 29 மீறப்படேல்லை எண்டது. பிறகு 1956இல தனிச்சிங்களச் சட்டம். 1972இல புது யாப்பு எழுதேக்க 29ஐயே காணேல்லை.

அதால உங்கட நாட்டில ஆர் குடிமக்கள் எண்டதை யாப்புக்குள்ளயே வையுங்கோ. சுதந்திர நாளில அங்க நிரந்தரமா வாழ்ந்த எல்லாரும், அவையின்ர பிள்ளையளும் எண்டு. அதைச் சாதாரணச் சட்டத்துக்கு விட்டியள் எண்டால் முதல் தேர்தலுக்கு முன்னமே ஆட்டம் முடிஞ்சுது.

கற்பனைக்கோட்டை:
இந்த 1953 தீர்ப்பு தெரியாது, நன்றி. அப்போ 30% பேருக்கு வீட்டோ பவர் குடுத்துட்டா?

வடலி:
அதை சைப்ரஸ் செய்து பார்த்தது. 1960 யாப்பு. ஜனாதிபதி கிரேக்கர், துணை ஜனாதிபதி துருக்கியர், வெளியுறவு பாதுகாப்பில ரெண்டு பேருக்கும் வீட்டோ, பாராளுமன்றம் 70க்கு 30, அச்சொட்டா உங்கட கணக்கு. வரிச் சட்டத்துக்கு ரெண்டு பகுதியிலயும் தனித்தனியாப் பெரும்பான்மை வேணும். 1961இலயே வரிச் சட்டம் சிக்கிப் போச்சுது, 1963 டிசம்பரில சண்டை. எல்லாத்தையும் நிப்பாட்டுற சக்தியைக் குடுத்தால் நிப்பாட்டத்தான் செய்வினம்.

மொரிசியஸ் முறை எனக்கு இதைவிடப் பிடிக்கும், குறை இல்லாமலும் இல்லை. 1968இல சுதந்திரம். ஒரு தொகுதிக்கு மூண்டு பேர், ரொட்ரிக்ஸ் தீவுக்கு மட்டும் ரெண்டு, மொத்தம் 62 பேரைத் தெரிவு செய்யினம். அதுக்கு மேல, போதிய இடம் கிடைக்காத சமூகங்களில தோத்த ஆக்களுக்குள்ள நல்லா வாக்கெடுத்தவையில 8 பேர் வரைக்கும் உள்ள எடுக்கினம். மூண்டு பேர் எண்டதால கட்சியள் கலந்துதான் ஆக்களை நிப்பாட்ட வேணும். கெட்டது என்னெண்டால் வேட்பாளர் தன்ர சமூகம் எது எண்டு அறிவிச்சாத்தான் நிக்கலாம், அது பிழை எண்டு ஐநா மனித உரிமைக் குழுவே 2012இல சொன்னது.

இன்னொண்டு, நோட்டடிக்கேக்க கவனம். மொரிசியஸ் ரூபாய் நோட்டில ஆங்கிலம், தமிழ், ஹிந்தி எண்டு வரிசை. 1998இல தமிழையும் ஹிந்தியையும் இடம் மாத்தி அடிச்சுப்போட்டினம், தமிழ்ச் சனம் போராடி அந்த நோட்டுகளைத் திருப்பி வாங்க வேண்டி வந்தது. நாவலுக்கு ஒரு அத்தியாயமே கிடைக்கும்.

நெய்தல்:
ப்ரோ 3 லட்சம் பேருக்கு தனி மத்திய வங்கி எதுக்கு? அதை நடத்த நூறு இருநூறு நல்ல ஆளுங்க வேணும், அவங்கதான் உங்க நாட்டோட பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி வரி ஆபீஸ் எல்லாத்துக்கும் வேணும். கிழக்கு கரீபியன்ல எட்டு சின்னச் சின்ன இடங்க சேந்து ஒரே கரன்சி, ஒரே மத்திய வங்கி வெச்சிருக்காங்க, 1976லேர்ந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70ன்னு கட்டி வெச்சது இன்னும் அசையல. உச்ச நீதிமன்றமும் பொதுதான், அதுல ஒரு லாபம், ஊர்ல எல்லாரும் சொந்தக்காரனா இருக்குற இடத்துல தீர்ப்பு சொல்ல வெளித்தீவு ஜட்ஜ் கிடைப்பார். கிரிபாட்டி, துவாலு, நவுரு மூணும் ஆஸ்திரேலிய டாலர்லயே ஓட்டுறாங்க. சொந்த நோட்டு வேணும்னு அடம்புடிச்சா சிங்கப்பூர் 1967ல செஞ்ச மாதிரி, அடிக்குற ஒவ்வொரு நோட்டுக்கும் வெளிநாட்டு கையிருப்பு இருக்கணும்னு சட்டம் போடுங்க.

மீனுக்கு தனியா பேரம் பேசாதீங்க. பசிபிக்ல எட்டு நாடுங்க சேந்து வெளிநாட்டு டூனா கப்பல்களுக்கு மீன்புடிக்கிற நாட்களை விக்கிறாங்க, ஒரு நாளுக்கு குறைஞ்சது 8000 டாலர்னு பேசி வெச்சாங்க. தனித்தனியா இருந்தப்ப ஒருத்தன் விலையைக் குறைச்சா கப்பல் அங்க போயிடும். பாஸ்போர்ட் விக்கிற ஐடியா வந்தா வனுவாட்டுவைப் பாத்துட்டு வாங்க, அதனாலயே ஐரோப்பாவுக்கு விசா இல்லாம போற வசதி 2024ல மொத்தமா போச்சு.

ராணுவத்தை முதல்ல தூக்குங்க. கொமொரோஸ் 1975 ஜூலையில சுதந்திரம், ஆகஸ்ட்லயே ஆட்சிக் கவிழ்ப்பு. சீஷெல்ஸ் 1976 ஜூன்ல சுதந்திரம், 1977 ஜூன்ல கவிழ்ப்பு, அதுக்கு பெரிய படையும் தேவைப்படல. மொரிசியஸ்ல ராணுவமே கிடையாது, போலீசும் கடலோரக் காவலும்தான். பலமான ஜனாதிபதியும் துப்பாக்கி வெச்ச நானூறு பேரும் ஒரே தீவுல இருந்தா உங்க நாவல் அம்பதாவது பக்கத்துல முடிஞ்சிடும்.

சுண்டெலி:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், சிங்கப்பூரை அப்படியே காப்பி அடிங்க, வேல முடிஞ்சுது 😄

பழையகணக்கு:
காப்பி அடிக்க சிங்கப்பூர் எங்க இருக்குன்னும் காப்பி அடிக்கணுமே தம்பி, மலாக்கா நீரிணை வாசல்ல. 1965ல பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சாங்கன்னு எல்லாரும் சொல்றதும் பாதிதான் சரி. பிராவிடண்ட் ஃபண்ட் 1955, வீட்டு வாரியம் 1960, பொருளாதார வளர்ச்சி வாரியம் 1961, தனி நாடா ஆகுறதுக்கு முன்னாடியே இதெல்லாம் ஓடிட்டு இருந்துச்சு. கற்பனைக்கோட்டை, உங்க தீவுல காலனிக்காரன் என்ன ஆபீஸ் விட்டுட்டுப் போனான்னு எழுதுங்க, அதை வெச்சுத்தான் முதல் பத்து வருஷம்.

அப்புறம் நீங்க சொல்லாத ஒண்ணு, சுரங்கம் யார் நிலத்துல இருக்கு? அந்த 30% பேர் பக்கமா? அப்படின்னா கதை வேற. பப்புவா நியூ கினியில இருக்குற போகன்வில் தீவுல 1972ல பாங்குனா தாமிரச் சுரங்கம் ஓட ஆரம்பிச்சுது, காசு பெரும்பாலும் கம்பெனிக்கும் தலைநகருக்கும் போச்சு, நிலத்துக்காரங்களுக்கு சில்லறை, ஆறு பூரா கழிவு. 1989ல சுரங்கம் மூடி உள்நாட்டுப் போர், 2019ல பொதுவாக்கெடுப்பு வெச்சா சுமார் 98% பேர் தனி நாடு கேட்டாங்க. பங்கு எத்தனை சதவீதம், ஆத்தை யார் சுத்தம் பண்றது, ஒப்பந்தத்தை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பேசுறது, இதெல்லாம் கொடி ஏத்துறதுக்கு முன்னாடியே கையெழுத்தாகியிருக்கணும். இல்லன்னா உங்க முதல் ஜனாதிபதி யாரா இருந்தாலும் ரெண்டாவது பாகத்துல இன்னொரு தீவுக்கு யாப்பு எழுத வேண்டி வரும்.

கற்பனைக்கோட்டை:
அந்த 30% பக்கம்தான். சரி, சுரங்க ஒப்பந்தத்தை ரெண்டாவது அத்தியாயத்துக்குக் கொண்டு வர்றேன், ராணுவத்தை எடுத்துட்டேன். வடலி, அந்த 29ஆம் பிரிவை வெச்சு நீதிமன்ற சீன் எழுதினதும் இங்கயே போடுறேன், பாத்து சொல்லுங்க.