பெரியவளவு உறவுகள்: கவினின் தொட்டிக்கு எந்தச் சிலந்தி?

சனி, மாலை 6.12

கவின்: [படம்] தொட்டி முடிந்தது 🎉 பிறந்தநாளுக்குக் காசு போட்ட எல்லாருக்கும் நன்றி

கவின்: நாளைக் காலை 10 மணிக்கு முதல் கடைக்காரருக்கு எந்தச் சிலந்தி என்று சொல்ல வேண்டும். மூன்றை எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார். துளசி அக்கா எங்கே?

ராணி பெரியம்மா: வடிவாய் இருக்கு ராசா. மீன் எங்கே?

வினோத்: பெரியம்மா அது மீன்தொட்டி இல்லை 😂

ராணி பெரியம்மா: பச்சையெல்லாம் வைத்திருக்கிறானே

சுமதி: அக்கா, போனில் அவ்வளவு நேரம் சொன்னேனே. சிலந்தி. கை அகலத்துக்கு வளருமாம், உடம்பெல்லாம் மயிர்

ராணி பெரியம்மா: நீ ஆமை என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆமைக்கென்றுதான் நான் 50 டொலர் அனுப்பினேன்

நந்தன்: அனுப்பினது அனுப்பினதுதான்

துளசி: வேலையில் நிற்கிறேன். வந்து விளக்கமாய் எழுதுகிறேன். அதற்குள் தொட்டியின் அளவு, காற்றுப் போகிற இடம், மண்ணின் ஆழம் மூன்றையும் போட்டு வை கவின்

கவின்: 30க்கு 30, உயரம் 45 செ.மீ. முன்பக்கம் கதவு, அதற்குக் கீழே ஒரு வரிசை ஓட்டை. மேல்மூடி முழுக்கக் கம்பிவலை. தேங்காய்த் தும்புத்தூள் 7 செ.மீ. போட்டிருக்கிறேன். கோர்க் மரப்பட்டைக் குழாய் ஒன்று நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் மணி பிளான்ட். பின்சுவர் ஃபோமில் நானே செதுக்கிப் பெயின்ட் அடித்தது

குகன் மாமா: தும்புத்தூள் எந்த நாடு? பையைப் பார்

கவின்: இலங்கை என்றுதான் போட்டிருக்கு மாமா

குகன் மாமா: இங்கே கிணற்றடியில் குவிந்து கிடக்கிறது. நீ அங்கே காசு கொடுத்து வாங்குகிறாய்

சுமதி: அப்படியென்றால் அம்மாவை அனுப்பும்போது ஒரு மூட்டை கட்டி அனுப்புங்கோ அண்ணை. அம்மா ஜூன் 14 வருகிறா. கவினின் அறையில்தான் படுக்கப் போகிறா. அதை யாராவது யோசித்தீர்களா?

வினோத்: 👀

சுமதி: சிரிக்கிற விஷயமில்லை வினோத். 81 வயது மனுசி

கவின்: அம்மம்மாவுக்கு நான் நேற்றே சொல்லிவிட்டேன். பாம்பு இல்லைத்தானே என்று மட்டும் கேட்டா

ராணி பெரியம்மா: 14ஆம் திகதி யார் ஏர்போட்டுக்குப் போகிறது? போன முறை அம்மா இரண்டு மணித்தியாலம் வீல்செயரில் காத்துக்கொண்டு இருந்தவ

நந்தன்: அது பிளேன் முந்தி வந்தது

ராணி பெரியம்மா: பிளேன் முந்தி வரவில்லை, நீங்கள் பிந்தி வந்தீர்கள் நந்தன்

மாலை 7.40

துளசி: வந்துவிட்டேன். அந்த மூன்றும் என்னென்ன?

கவின்: 1. மெக்சிகோ சிவப்பு முழங்கால், பிராக்கிபெல்மா ஹமோரி, பெண் என்று உறுதியாகச் சொல்கிறார். 2. போசிலோத்தேரியா ரெகாலிஸ். 3. கரிபேனா வெர்சிகலர், சின்னக் குஞ்சு. எனக்கு முதலாவதுதான் வேண்டும். கறுப்பில் செம்மஞ்சள் முழங்கால், அமைதி, பெண் 20 வருடத்துக்கு மேல் இருக்கும்

துளசி: ஹமோரி நல்ல சிலந்திதான், முதல் முறை வளர்க்கிறவருக்கு நானே சொல்லுவேன். ஆனால் உன் தொட்டிக்கு அது ஆகாது. அது தரையில் வளை தோண்டி இருக்கிற இனம், வயிறு பாரம். கண்ணாடியில் ஏறும், பிறகு பிடி விட்டு விழும். 45 செ.மீ. உயரத்திலிருந்து உன் கோர்க் குழாயின் விளிம்பில் விழுந்தால் வயிறு கிழியும், சிலந்திக்கு வயிறு கிழிந்தால் பிழைப்பது அரிது. தரைவாசிகளுக்கு மண்ணிலிருந்து மூடி வரைக்கும் உள்ள இடைவெளி அதன் கால்விரிவைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வளர்க்கிறவர்களின் கணக்கு. உன்னுடையதில் 38 செ.மீ. இருக்கு

கவின்: மண்ணை மேலே வரைக்கும் நிரப்பினால்?

துளசி: நிரப்பலாம். முன்கதவைத் திறந்தால் மண் கொட்டும், பின்சுவரில் முக்கால்வாசி புதையும், மணி பிளான்ட் போகும். நீ இவ்வளவு பாடுபட்டுச் செதுக்கினது மண்ணுக்குள் போகிறது எனக்கே பொறுக்காது

கவின்: 😔

துளசி: வேறு தட்டையான தொட்டி ஒன்று பிறகு வாங்கி ஹமோரி வை. இந்தத் தொட்டியைப் பார், உயரம், நிமிர்ந்த பட்டை, இலை, கீழும் மேலும் காற்று. நீ கட்டியிருப்பது மரத்தில் வாழ்கிற சிலந்திக்கான வீடு

குகன் மாமா: மரத்தில் வாழ்கிறதென்றால் நம்முடைய நாட்டுச் சிலந்தியே இருக்கிறதே. இரண்டாவது எழுதியிருக்கிறான், போசிலோத்தேரியா. நான் மாங்குளத்தில் படிப்பித்த காலத்தில் குவார்ட்டர்ஸ் சுவரில் சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் ஒன்று இருந்தது, இரவில் டோர்ச் அடித்தால் அசையாமல் நிற்கும். பிறகு 2009இல் அதே மாங்குளப் பக்கத்தில்தான் கண்டெடுத்து, 2012 கடைசியில் புதிய இனமென்று ராஜாயி எனப் பெயர் வைத்துப் பிரித்தானிய டரன்டுலா சங்கத்தின் இதழில் எழுதினார்கள். கால்விரிவு 20 செ.மீ. காடு குறையக் குறைய அதுகள் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் குடிவந்துவிட்டதாகவும் பேப்பரில் வந்தது. வன்னிச் சிலந்தி இருக்க எதற்கு மெக்சிகோ?

சுமதி: அண்ணை தயவுசெய்து

துளசி: மாமா, எனக்கும் அந்த இனத்தில் பெரிய ஆசை. ஆனால் கவினின் முதல் சிலந்தியாக அது வேண்டாம். அமெரிக்கக் கண்டத்துச் சிலந்திகள் பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பு மயிர் உண்டு, பயந்தால் முதலில் அதைத்தான் பயன்படுத்தும். நம்முடைய பக்கத்துச் சிலந்திகளுக்கு அது இல்லை, ஓடும் அல்லது கடிக்கும். போசிலோத்தேரியா ஓடினால் கண்ணுக்கே பிடிபடாது, கதவைத் திறந்து கண் வெட்டுவதற்குள் உன் தோளில் நிற்கும். கடித்தால் தசை இறுக்கிப் பிடிக்கும், அந்தப் பிடிப்பு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். யாரும் செத்ததாகப் பதிவு இல்லை, ஆனால் 81 வயதில் அம்மம்மா அதே அறையில் படுக்கிறா

சுமதி: முடிந்தது. இரண்டாவது இல்லை

குகன் மாமா: ரெகாலிஸ் இந்தியாவினுடையது, கொஞ்சம் சாதுவாய் இருக்கலாம்

துளசி: இல்லை மாமா, வேகம் அதே வேகம்தான். இன்னொன்று, இந்தச் சாதியில் எதை வாங்கினாலும் காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பொரித்ததா என்று கேட்க வேண்டும். சைட்டிஸ் என்றால் அருகிவருகிற உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற உலக ஒப்பந்தம். 2019இல் ஜெனீவாவில் நடந்த அதன் மாநாட்டில் இலங்கையும் அமெரிக்காவும் சேர்ந்து கேட்டுத்தான் போசிலோத்தேரியா முழுவதையும் இரண்டாம் பட்டியலில், அதாவது அனுமதியோடுதான் நாடு விட்டு நாடு விற்கலாம் என்ற பட்டியலில் போட்டார்கள். இராமேஸ்வரப் பக்கத்திலும் மன்னாரிலும் மட்டும் இருக்கிற ஹனுமாவிலாசுமிக்கா என்று ஒன்று, இருக்கிற நாலு மரத்தையும் வெட்டினால் அதன் கதை முடிந்தது

குகன் மாமா: மன்னாரிலுமா? அது எனக்குத் தெரியாது. நல்லது

நந்தன்: அப்போ மூன்றாவது. எவ்வளவு?

கவின்: வெர்சிகலர்தான் மூன்றிலும் விலை கூட அப்பா

நந்தன்: ம்

துளசி: அழகில் அதை வெல்ல ஒன்றும் இல்லை. குஞ்சில் முழுக்க உலோக நீலம், வளர வளர முதுகு பச்சை, வயிறு சிவப்பு, கால் ஊதா என்று மாறும். உலகத்தில் மார்ட்டினிக் என்ற ஒரே தீவில்தான் இயற்கையாய் இருக்கு

குகன் மாமா: மார்ட்டினிக்கா! கவின், அது வெறும் தீவு இல்லை. 1853 தொடங்கி முப்பது வருடம் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து கப்பல் கப்பலாய் நம் சனத்தைக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுபோன இடம். பிரெஞ்சுக்காரர் அடிமைமுறையை 1848இல் நிறுத்தினார்கள், தோட்டத்துக்கு ஆள் இல்லை, அதுதான் காரணம். மொழி போய்விட்டது, மாரியம்மனை மட்டும் இன்றைக்கும் அங்கே கும்பிடுகிறார்கள். ராணி, உனக்கு ஞாபகமா, அப்பா ஒரு பிரெஞ்சுப் படப் புத்தகம் வைத்திருந்தார்

ராணி பெரியம்மா: அதை நீதான் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாய்

சுமதி: என்னுடைய கறுப்பு ஆட்டையும் அண்ணைதான் விற்றவர். சைக்கிளுக்கு ரயர் போட

குகன் மாமா: 1988 கதை. வீட்டில் அரிசி வாங்கவும் அந்தக் காசுதான் போனது

சுமதி: என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் என் பிள்ளை ஒரு உயிரை வளர்க்கக் கேட்டபோது, பயமாய் இருந்தாலும் ஓம் என்றேன்

கவின்: ❤️ அம்மா

ராணி பெரியம்மா: சரி சரி. அந்த நீலச் சிலந்தி கடிக்குமோ?

துளசி: மிக அரிது பெரியம்மா. பயந்தால் துள்ளும், பின்பக்கத்தால் எச்சத்தைக் குறிபார்த்துப் பீய்ச்சும். கண்ணாடி துடைக்க வேண்டி வரும், அவ்வளவுதான். எனக்கிருக்கிற தயக்கம் வேறு. கடைக்காரர் வைத்திருப்பது குஞ்சு. அந்த வயதில் அது மென்மையானது, ஈரம் தேங்கிக் காற்று ஓடாமல் நின்றால் காரணம் தெரியாமலே செத்துப்போகும். கைவிரல் நகத்தளவுக் குஞ்சை இந்தப் பெரிய தொட்டியில் விட்டால் அது எங்கே என்று உனக்கும் தெரியாது, பூச்சி எங்கே என்று அதற்கும் தெரியாது. ஒன்று, குஞ்சைச் சின்ன டப்பாவில் வளர்த்து ஒரு வருடம் கழித்து மாற்று. இல்லையென்றால் 5 செ.மீ. அளவில் வளர்ந்தது கிடைக்குமா என்று கேள். அதுவும் இல்லையென்றால் அவிக்குலேரியா அவிக்குலேரியா, தென்னமெரிக்கா, இன்னும் கொஞ்சம் உறுதியானது, விலையும் குறைவு. குட்டியில் உடம்பு ரோஸ், பாதம் கறுப்பு. பெரிதானதும் தலைகீழாய் உடம்பு கறுப்பு, பாதம் ரோஸ்

வினோத்: அது செம்ம

கவின்: ஒரு வருடம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டா இருக்கிறது 😭

துளசி: அதற்குள் மணி பிளான்ட் நன்றாய் வேர் பிடிக்கும். உன் அவசரம் விளங்குது, அதனால்தான் வளர்ந்ததைக் கேட்கச் சொல்கிறேன். எதை எடுத்தாலும் அந்த மேல்மூடிக் கம்பிவலையை மாற்று. சிலந்தியின் பாதத்து நகம் வலைக்கண்ணில் மாட்டும், தொங்கி இழுத்துக் காலையே இழக்கும். அக்ரிலிக் தகடு வெட்டி, சின்னச் சின்ன ஓட்டை துளைத்துப் போடு. தண்ணீரைக் கோர்க் மேல் ஊற்றாதே, மண்ணில் ஒரு மூலையை மட்டும் நனை, மற்றப்பக்கம் காய்ந்தே இருக்கட்டும். ஒரு சின்னக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர். சித்தி, அது ஒருநாள் மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று எடுத்து எறியாதேங்கோ, தோல் கழற்றுகிறது. அப்போது யாரும் தொடக்கூடாது, பூச்சியும் உள்ளே இருக்கக்கூடாது

சுமதி: நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். பூச்சி என்றால் என்ன பூச்சி?

கவின்: வெட்டுக்கிளி மாதிரி, கிரிக்கெட்

சுமதி: உயிரோடயா? எங்கே வைக்கப் போகிறாய்?

கவின் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

சுமதி: வாசித்துவிட்டேன். என் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வராது

இரவு 9.05

குகன் மாமா: அம்மா இவ்வளவு நேரமும் முழிப்பு, உங்கள் எல்லாருடைய கதையையும் வாசித்துக் காட்டினேன். பெட்டிக்குப் பூட்டு இருக்கோ என்று கேட்கிறா. பூட்டு இருந்தால் தனக்குச் சரியாம். வெளிச்சம் போடாமல் இருக்க வேண்டுமாம், நித்திரை வராது

கவின்: பூட்டு இருக்கு, சாவியும் இருக்கு. லைட் தேவையே இல்லை, இரவில்தான் அது வெளியே வரும். அம்மம்மாவுக்குச் சொல்லுங்கோ மாமா

சுமதி: இரவில்தான் வெளியே வருமா??

துளசி: தொட்டிக்குள் வெளியே வரும் சித்தி. தொட்டியை விட்டு இல்லை

ராணி பெரியம்மா: அம்மாவை முன்னறையில் படுக்க விடலாமே. சோபா விரியும்தானே

சுமதி: விரியாது. ஸ்பிரிங் போய்விட்டது

நந்தன்: பார்க்கலாம்

கவின்: அப்போ நாளை முதலில் 5 செ.மீ. வெர்சிகலர் இருக்கா என்று கேட்கிறேன், இல்லையென்றால் அவிக்குலேரியா. ஹமோரியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைக்கச் சொல்லவா?

நந்தன்: வேண்டாம்

துளசி: முதல் இதை ஒரு வருடம் வளர்த்துப் பார்

கவின்: சும்மா கேட்டு மட்டும் வைக்கிறேன்

குகன் மாமா: ரெகாலிஸையும் ஒருக்கால் கேட்டுப் பார்

சுமதி: அண்ணை!!

கவின்: அக்ரிலிக் துளைக்க ட்ரில் யாரிடம் இருக்கு?

வினோத்: என்னுடையது உங்கள் அப்பாவிடம். போன தீபாவளிக்கு வாங்கிக்கொண்டு போனவர்

நந்தன்: திருப்பித் தந்தேனே

வினோத்: இல்லை மாமா