பல் எடுத்த குழியில் கடும் வலி: கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

கேள்வி (குலசேகரம்):
ரப்பர் பால் வெட்டும் என் தந்தையாருக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லைத் திங்கட்கிழமை எடுத்தார்கள். வலி தணிந்து வந்த நிலையில், நேற்று, அதாவது வியாழன் மாலை முதல், காது வரை இழுக்கும் வலி தொடங்கி, மாத்திரை போட்டும் உறக்கமில்லை. வாய் நாறுகிறது, டார்ச் அடித்துப் பார்த்தால் குழி வெறுமையாகத் தெரிகிறது. காய்ச்சலோ வீக்கமோ இல்லை. பல் எடுத்த மறுநாளே பீடி பிடித்தார் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மாறாமலைக் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைக்குமாறு அத்தை சொல்கிறார். வைக்கலாமா?

பதில் (பல் மருத்துவர், நாகர்கோவில்):
நேரில் பார்த்தே உறுதி செய்ய முடியும் என்றாலும், இது டிரை சாக்கெட் போலத் தோன்றுகிறது. குழியில் உறையும் ரத்தமே அடியிலுள்ள எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காக்கிறது. அது பெயர்ந்தோ கரைந்தோ போனால் எலும்பு வெளிப்பட்டு இத்தகைய வலி வரும். கீழ்க் கடைவாய்ப்பல் எடுத்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இது அதிகம். கிராம்பிலுள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும் என்பது உண்மை. நாங்கள் குழிக்குள் வைக்கும் மருந்துகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. அத்தை சொன்னதில் பாதி சரி. ஆனால் செறிவான எண்ணெய் ஈறைப் புண்ணாக்கும், உள்ளே சிக்கிய பஞ்சு சீழ் வைக்கும். ஆகவே பல் எடுத்த மருத்துவரிடமே இன்று கூட்டிச் செல்லுங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வலி இறங்கும். ஆன்டிபயாடிக்கை நீங்களாக மெடிக்கலில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். காய்ச்சலோ, பெருகும் வீக்கமோ, விழுங்க முடியாத நிலையோ வந்தால், எந்நேரமானாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

பதில் (மார்த்தாண்டம்):
என் தாயாருக்கும் இதே நிலை வந்தது. ஆறிய கஞ்சியும் குழைய வெந்த பயறும் கொடுத்தோம். பப்படம் மட்டும் வேண்டாம், அதன் துணுக்கு குழிக்குள் போய்விடும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மருந்து வைத்தார்கள், இரவு நன்றாக உறங்கினார். குழியோரம் வெள்ளையாகப் படர்கிறதே, துடைக்கலாமா?

பதில் (பல் மருத்துவர், நாகர்கோவில்):
நாற்றமும் வலியும் கூடாதிருந்தால் அது ஆறும் புண்ணின் படலம். விரலாலோ ஈர்க்குச்சியாலோ தொடக் கூடாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, வேகமாகக் கொப்பளிக்காமல், வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து ஒழுகவிடச் சொல்லுங்கள். ஈறு மூடச் சில வாரங்களும் உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும். ஈறு மூடும் வரையேனும் பீடி கூடாது. மருந்தை மாற்ற அழைத்த நாளில் தவறாமல் போகட்டும்.