வாயில் முட்டை சுமக்கும் மஞ்சள் சிக்லிட்டை எப்போது தனித்தொட்டிக்கு மாற்றுவது?

கேள்வி

வணக்கம். மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சள் லாபிடோகுரோமிஸ் என்ற சிக்லிட் மீன்களில் ஓர் ஆணையும் நான்கு பெண்களையும், வேறு சில மலாவி சிக்லிட்களுடன் ஒரே தொட்டியில் வளர்க்கிறேன். ஒரு பெண் மீன் சில நாட்களாகத் தீனியை அணுகியும் உண்ணாமல் விலகுகிறது. அதன் தொண்டை புடைத்து, எதையோ மெல்லுவதுபோல் அவ்வப்போது அசைகிறது. அதை இப்போதே தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டுமா? குஞ்சுகளுக்கு முதலில் எதைக் கொடுக்கலாம்?

மறுமொழி 1

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் அது வாயில் முட்டைகளைத்தான் சுமக்கிறது. ஆனால் இப்போதே மாற்ற வேண்டாம். தொடக்க நாட்களில் வலை வீசித் துரத்தினால், குறிப்பாக முதல்முறை முட்டையிட்ட தாய், முட்டைகளைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். 26 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பநிலையில் குஞ்சுகள் வெளிவர ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் சில நாட்கள் கூடும். ஆகவே இரண்டு வாரங்கள் நன்றாகக் கடந்தபின், இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மீன் அசையாமல் இருக்கும்போது மாற்றுவதே என் வழக்கம். தனித்தொட்டியைப் பழைய தொட்டியின் நீராலேயே நிரப்பி, ஏற்கெனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடத்தையும் வைத்தால் போதும். குஞ்சுகளை வெளியே விட்ட பிறகும் தாயைச் சில நாட்கள் தனியே வைத்து நன்றாக உண்ணச் செய்யுங்கள். மெலிந்த நிலையில் திரும்பினால் ஆண் மீன் மீண்டும் துரத்தத் தொடங்கிவிடும்.

மறுமொழி 2

தனித்தொட்டிக்கு இடமில்லாதவர்கள், ஏறக்குறைய பதினெட்டாம் நாளில் தாயின் வாயிலிருந்து குஞ்சுகளை நேரடியாக எடுப்பதும் உண்டு. கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தலைகீழாகப் பிடித்து, கீழ்த்தாடையை மெதுவாகத் திறந்து, தொட்டி நீருள்ள கிண்ணத்தில் வாயை அமிழ்த்தினால் குஞ்சுகள் வெளியேறும். அவற்றின் வயிற்றில் முட்டையின் மஞ்சள் கரு அடங்கிய பை இன்னும் பெரிதாக இருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். அது கரையும்வரை மெல்லிய நீரோட்டத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். கை நடுங்குபவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

மறுமொழி 3

வாயைத் திறக்கும் முறையை, தாய் மிகவும் நலிந்தாலன்றி நான் பரிந்துரைக்க மாட்டேன். உணவைப் பொறுத்தவரை கவலை குறைவு: இவை முட்டையிட்டுப் பரப்பிவிடும் மீன்களின் குஞ்சுகளைவிடப் பெரியவை என்பதால், முதல் நாளிலிருந்தே புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறாலையும் பொடித்த தீனியையும் உண்ணும். நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிதளவே இட்டு, மீதியை உறிஞ்சி அகற்றுங்கள். சிறு தொட்டியில் அழுகும் தீனியே குஞ்சுகளை அதிகம் கொல்கிறது.

வேறொன்றையும் கேட்க வேண்டும்: உடனிருக்கும் மற்ற சிக்லிட்கள் எவை? சிவப்பு ஜீப்ரா இனம் மஞ்சள் லாபிடோகுரோமிஸுடன் கலந்து இனப்பெருக்கம் செய்யக்கூடியது.

கேள்வி கேட்டவர்

சிவப்பு ஜீப்ரா ஆண் ஒன்று இருக்கிறது. தந்தை யார் என்று நான் பார்க்கவில்லை.

மறுமொழி 3

அப்படியானால் குஞ்சுகளை வளர்க்கலாம். ஆனால் தூய இனம் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்த முறைக்கு முன் அந்த ஆணை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.